பாட்டில் வார்மர்: ஐந்து மாதம் வைத்திருந்தவள் சொல்கிறேன்

கீழ் போர்ஷனில் இருக்கும் பெண்ணுக்குப் பிரசவமாகி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. போன வாரம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அக்கா, உங்க வீட்டுல பால் சூடு பண்ற மெஷின் ஒண்ணு இருக்கே, அதை வாங்கலாமா?" என்று கேட்டாள். வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அரை மணி நேரம் நின்று பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது, அதற்குள் மேலே என் பையன் அழ ஆரம்பித்துவிட்டான். மீதியை இங்கே எழுதுகிறேன், வேலைக்குத் திரும்பப் போகிற வேறு யாருக்காவது உதவட்டும்.

வீடு சென்னையில் திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டையில், வேலை கிண்டியில். பேறுகால விடுப்பு சட்டப்படி 26 வாரம், அதில் மூன்று வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டது. ஆக, பையனுக்கு ஐந்தரை மாதம் ஆனபோது நான் மெட்ரோ ஏறிவிட்டேன். பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது என் அத்தை, அதாவது மாமியார். தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும், அத்தை அதைச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தச் சாமான்கள்: வார்மர் 1,499 ரூபாய், பால் சேமிக்கும் பாக்கெட் 50 அடங்கிய பெட்டி 449, ஐஸ் பேக்கோடு ஒரு கூலர் பை 899. மூன்றையும் ஒரே ராத்திரியில் ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். தூக்கமில்லாத தாய் ராத்திரி இரண்டு மணிக்கு போனைக் கையில் எடுத்தால் இப்படித்தான் ஆகும். பிராண்டு பெயர் வேண்டாம். அதே டப்பாவை நிறம் மாற்றி வேறு பெயர்களிலும் பார்த்தேன், இதே விலைக்கு எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று தோன்றவில்லை.

வார்மர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியின் மேல் போட்டிருக்கும் படத்தைப் பார்த்தால் ஏதோ பெரிய விஞ்ஞானம் போல இருக்கும். அடியில் ஒரு ஹீட்டர் தட்டு, மேலே ஒரு கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதற்குள் பாட்டிலை நிற்க வைக்க வேண்டும், தட்டு தண்ணீரைச் சூடாக்கும், தண்ணீர் பாலைச் சூடாக்கும். அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சொம்புல வெந்நி ஊத்தி அதுல வெச்சா ஆவாதா? இதுக்கா ஆயிரத்து ஐநூறு?" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வரவில்லை.

ஏனென்றால் நான் அளந்து பார்த்தேன். சமையலறையில் கேக்குக்குப் பயன்படுத்தும் குச்சி தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது, அதை நன்றாகக் கழுவிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 80 மில்லி பாலை பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, வார்மரை 40 டிகிரியில் வைத்தால் பால் 36 டிகிரிக்கு வர எட்டு நிமிடம். இது பரவாயில்லை. ஆனால் எடுக்க மறந்து இருபது நிமிடம் விட்டால் பால் 46 டிகிரிக்குப் போயிருந்தது, திரையில் மட்டும் நல்ல பிள்ளையாக 40 என்றே காட்டிக்கொண்டிருந்தது. தாய்ப்பாலை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும், 40-ஐத் தாண்டி ஏற்ற ஏற்ற அதிலிருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கெட ஆரம்பிக்கும். அடுத்து அத்தையின் முறை. சொம்பில் கை பொறுக்கிற வெந்நீர், அதற்குள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் அதே 80 மில்லி. நாலே நிமிடம், 36 டிகிரி. கொஞ்ச நேரம் மறந்தாலும் தண்ணீர் ஆறத்தான் செய்யும், ஏறாது. எவர்சில்வர் சூட்டைச் சட்டென்று கடத்திவிடும், தடிமனான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அந்தத் திறமை கிடையாது, விஷயம் இவ்வளவுதான். அத்தையிடம் முடிவைச் சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை, சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். எல்லாம் சொன்னது போல இருந்தது.

வார்மரில் இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது, அதை அவர்கள் கோளாறாகச் சொல்லாமல் சிறப்பம்சமாகப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: ஒரு பட்டனை அழுத்தினால் 24 மணி நேரமும் பாலை இளஞ்சூட்டிலேயே வைத்திருக்குமாம். பசும்பாலில் உறை ஊற்றி வைத்தால் தயிராவது எந்தச் சூட்டில்? இதே இளஞ்சூட்டில்தான். கிருமி பெருகுவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. சூடாக்கிய தாய்ப்பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குழந்தை வாய் வைத்து மீதி விட்டாலும் அதே இரண்டு மணி நேரம்தான், அதற்கு மேல் கொட்டத்தான் வேண்டும். அந்த பட்டனை நம்பி ராத்திரி பத்து மணிக்குப் பாலை உள்ளே வைத்து, விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தைக்குக் கொடுக்கும் தாய் எத்தனை பேரோ. நானே முதல் வாரம் அப்படித்தான் செய்யப் போனேன், அன்று ராத்திரி கரண்ட் போய்விட்டதால் தப்பித்தேன்.

அப்புறம் உப்பு. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கடல் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மூன்றே வாரத்தில் வார்மர் தட்டின் மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் படலம். அதற்குப் பிறகு சூடு ஏறவும் நேரமானது, ஏறினால் நிற்கவும் இல்லை. இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தண்ணீரோடு ஊற்றி அரை மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்தால் போகிறது. கேன் தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்தினால் அவ்வளவு படிவதில்லை. பாட்டில் சூடாக்கக் கேன் தண்ணீர், இதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறைந்த பாலை இளக்கவும் தனியாக ஒரு பட்டன் இருக்கிறது. பாக்கெட்டை உள்ளே நிற்க வைத்தால் நிற்காது, மடிந்து விழும், ஒரு மூலை வெதுவெதுப்பாகும்போது நடுவில் கட்டி அப்படியே இருக்கும், மேலே எழுதிய தேதி அழிந்துபோகும். ஒருமுறை ஜிப் தண்ணீருக்குள் போய்விட்டது, உள்ளே எவ்வளவு போர் தண்ணீர் கலந்ததோ என்று பயந்து 90 மில்லியை வாஷ் பேசினில் ஊற்றினேன். அந்த 90 மில்லிக்காக ஆபீஸ் ஸ்டேஷனரி அறையில், ஏ4 பேப்பர் கட்டுகளுக்கு நடுவில், கதவை முதுகால் அழுத்திக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தவள் நான். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, இடைவேளை கொடுத்தார்கள், தாழ்ப்பாள் இருக்கும் அறையைத்தான் கொடுக்கவில்லை. சரி, அது வேறு கதை.

இளக்குவதற்குச் சரியான வழி, முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவது. அப்படி இளகிய பாலை, முழுதாக இளகிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அவசரம் என்றால் பாக்கெட்டைக் கிண்ணத்தில் வைத்து முதலில் சாதாரண தண்ணீர், பிறகு கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர். முழுதாக இளகியதைத் திரும்ப உறைய வைக்கவே கூடாது. எப்போதும் பழைய தேதி பாக்கெட்டை முதலில் எடுங்கள், இல்லாவிட்டால் ரேஷன் அரிசி மாதிரி புதுசு மேலே பழசு கீழே என்று தங்கிவிடும்.

மைக்ரோவேவ் எங்கள் வீட்டில் இல்லை, இருந்தாலும் அதில் வைக்கக் கூடாது. ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் சில்லென்று இருக்கும், பாட்டிலைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது, குழந்தையின் வாய் வெந்துபோகும். எங்கள் வீட்டில் நடந்தது வேறு விபத்து. வியாசர்பாடியிலிருந்து பெரியம்மா வந்து இரண்டு நாள் தங்கியிருந்தார். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பையன் அழ, பெரியம்மா ஃபிரிட்ஜைத் திறந்து பாலை எடுத்து, பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்துப் பொங்க வைத்துவிட்டார். சாயங்காலம் நான் கேட்டதற்கு, "பச்சைப் பாலையாம்மா கொழந்தைக்குக் குடுப்பாங்க?" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். நேராகக் குடிக்கும்போது மட்டும் யார் காய்ச்சிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அத்தையும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறார். ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் பிரிந்துவிடும், மேலே கெட்டியாக ஆடை போல ஒன்று, கீழே கொஞ்சம் நீலம் பாய்ந்த தண்ணீர். திரிந்துவிட்டது என்று நினைத்து ஒரு முழு பாட்டிலை ஊற்றிவிட்டார். அது கொழுப்பு, வேறொன்றுமில்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். இளகிய பாலில் லேசாக சோப்பு வாடை வந்தாலும் பயப்பட வேண்டாம், லிபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. குழந்தை குடித்தால் பிரச்சினை இல்லை, குடிக்க மறுத்தால்தான் யோசிக்க வேண்டும். புளித்த வாடை என்றால் அது வேறு, கொட்டிவிடுங்கள்.

இப்போது பாக்கெட்டுகள். இவற்றுக்குப் பாதி மார்க் போடுவேன். 50-இல் மூன்று ஒழுகின, மூன்றுமே பக்கவாட்டுத் தையலில், மூன்றுமே இளகும்போது. அதனால் கிண்ணத்தில் வைக்காமல் எந்தப் பாக்கெட்டையும் இளக்காதீர்கள். மேலே அச்சடித்த அளவும் பொய், 100 என்ற கோடு வரை ஊற்றி மருந்து சிரிஞ்சால் அளந்தால் 85 மில்லிதான் வந்தது. பையன் ஏன் இவ்வளவு சீக்கிரம் பசிக்கு அழுகிறான் என்று இரண்டு வாரம் அத்தையைச் சந்தேகப்பட்டேன், பாவம். ஆனால் தட்டையாக உறைய வைக்கலாம் என்பது இதில் பெரிய வசதி. காற்றை வெளியேற்றி, மேலே ஒரு விரல் இடம் விட்டு (உறையும்போது பால் விரியும், முட்ட நிரப்பினால் தையல் விடும்), எவர்சில்வர் தட்டில் படுக்க வைத்து உறைய வைத்தால் அப்பளக் கட்டு மாதிரி அடுக்கலாம், கட்டியாக உறைந்ததைவிடச் சீக்கிரம் இளகவும் செய்யும். 60 மில்லி, 80 மில்லி என்று சின்னச் சின்னதாகவே வையுங்கள், 150 வைத்துப் பாதி மிஞ்சினால் மனசு ஆறாது. தேதியைப் பால் ஊற்றுவதற்கு முன்பே மார்க்கரில் எழுதிவிடுங்கள், ஊற்றிய பிறகு எழுதினால் பாக்கெட் வழுக்கும். புதிதாக எடுத்த சூடான பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலோடு நேராகச் சேர்க்காதீர்கள், தனியாகக் குளிர வைத்துப் பிறகு சேருங்கள்.

எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு எல்லாப் பாக்கெட்டின் பின்னாலும் அச்சடித்திருக்கிறது: அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். இதைப் படித்துவிட்டு அப்படியே நம்பினால் நம் ஊரில் கதை கந்தல். அந்த அறை வெப்பம் 25 டிகிரி. மே மாதம் மதியம் எங்கள் சமையலறையில் அதே தெர்மாமீட்டர் 34 காட்டியது, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு. நான் 4 மணி நேரக் கணக்கையே மறந்துவிட்டேன், எடுத்தவுடன் ஃபிரிட்ஜ். அதிலும் கதவில் இருக்கும் தட்டில் வைக்கக் கூடாது, திறந்து திறந்து மூடுவதால் அங்கே சூடு ஏறி இறங்கும், உள்ளே பின்பக்கம்தான் சரி.

6 மாதம் என்பதும் தனிக் கதவு உள்ள, மைனஸ் 18 டிகிரியில் நிற்கும் ஃப்ரீசருக்கு. எங்களுடையது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், மேலே சின்னப் பெட்டி போல ஒரு ஃப்ரீசர். இப்படிப்பட்ட ஃப்ரீசருக்கு இரண்டு வாரம்தான் கணக்கு. அதோடு எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஏற்கெனவே குடித்தனம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் என் கணவர் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போய்விடுவார், வஞ்சிரமோ சங்கராவோ எது கிடைக்கிறதோ, பாதி அன்றைக்குக் குழம்பு, மீதி ஃப்ரீசர். பால் பாக்கெட்டுகளை இறுக்கமாக மூடும் டப்பா ஒன்றில் போட்டுப் பின்பக்கம் தள்ளி வைத்தேன். மீன் முன்னால், பால் பின்னால் என்று ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தை உடைத்தது ஒரு சிவப்பு பட்டன். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஃப்ரீசரில் பனி மூடிவிட்டால் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும், எல்லாம் உருகி ட்ரேயில் வடியும். மீன் வைக்க இடமில்லை என்று அவர் ஒரு சனிக்கிழமை ராத்திரி அதை அழுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் ஒன்பது பாக்கெட். உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். நான்கில் இன்னும் ஐஸ் படிகம் இருந்தது, அப்படி இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். மற்ற ஐந்தும் சில்லென்று தண்ணீராக இருந்தன, மூன்றை அன்றைக்கே பையன் குடித்தான், மீதி இரண்டை அத்தை அவன் குளிக்கும் தண்ணீரில் கலந்துவிட்டார். அந்த பட்டன் மேல் இப்போது மருந்துக் கடை பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. இன்னொன்றும் செய்து வைத்திருக்கிறேன்: ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம். ஊரில் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருந்தால் நாணயம் உள்ளே இறங்கியிருக்கும். மேலேயே இருந்தால் நிம்மதி.

மூன்றில் கொடுத்த காசுக்கு உழைத்தது கூலர் பைதான். ராத்திரி இரண்டு ஐஸ் பேக்கையும் ஃப்ரீசரில் போட்டால் காலையில் கல் மாதிரி இருக்கும். நன்றாக உறைந்த ஐஸ் பேக்கோடு பால் 24 மணி நேரம் வரை தாங்கும், எனக்கு வேண்டியது அதில் பாதிகூட இல்லை. காலை பதினொன்றுக்கு எடுத்த பாலை ராத்திரி ஏழரைக்கு வீட்டில் வந்து அளந்தபோது 8 டிகிரி. கிண்டியிலிருந்து காலடிப்பேட்டைக்கு ஒரே ரயில், மாறத் தேவையில்லை. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வராமல் இருந்திருந்தால், பாரிமுனையில் பஸ் மாறி இந்தப் பையோடு நான் வந்து சேர்ந்திருப்பேனா என்று தெரியாது. ஸ்டேஷனில் பையை ஸ்கேனரில் போட்டதும் முதல் நாள் அங்கிருந்த பெண் காவலர் திரையைப் பார்த்து, "என்னம்மா உள்ள, ஐஸ்கிரீமா?" என்றார். சொன்னேன். அடுத்த நாளிலிருந்து "புள்ள நல்லா குடிக்கிறானா?" என்பதுதான் கேள்வி. ஒரே குறை, ஐஸ் பேக் வியர்த்து பையின் அடியில் தண்ணீர் நிற்கிறது, தினமும் துடைத்துக் கவிழ்த்துக் காய வைக்காவிட்டால் நாறும்.

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். சூடாக்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர்ச்சி தணிந்த பாலை அப்படியே குடிக்கும் குழந்தைகள் உண்டு, வெயில் காலத்தில் என் பையன் பாதி நாள் அப்படித்தான் குடித்தான். பாட்டிலும் கட்டாயமில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் பாட்டில் வேண்டாம், பாலாடையில், அதாவது பால் புகட்டும் சங்கில், கொடுங்கள் என்றார். பால் புட்டியை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், புட்டியைச் சூடாக்கும் மெஷின் மட்டும் என் போனில் நாலு மாதம் வந்துகொண்டே இருந்தது. அத்தை என் கணவருக்குக் கொடுத்த அதே வெள்ளிச் சங்கில்தான் இவனுக்கும் கொடுக்கிறார், மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டு, கடைவாயில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக. பாட்டிலில் கொடுக்காத வீட்டில் பாட்டில் வார்மர் எதற்கு என்பது எனக்கு நாலாவது மாதம்தான் உறைத்தது.

நான் எழுதிய நாள் கணக்கெல்லாம் மாதம் நிறைந்து, ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு. குறைமாதக் குழந்தை, ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தை என்றால் அங்கே சொல்கிற கணக்குதான், இதைப் பார்க்காதீர்கள்.

கீழ் போர்ஷன் பெண்ணிடம் வார்மரை ஓசியிலேயே கொடுத்துவிட்டேன். அவள் வீட்டில் பாட்டில்தான், பகலில் தனியாக இருக்கிறாள், ஒரு கையில் குழந்தையோடு வெந்நீர்ச் சொம்பைத் தூக்குவதைவிட அவளுக்கு அது மேல். கேன் தண்ணீர் ஊற்று, எட்டு நிமிடத்தில் எடு என்று சொன்னேன். ஃபிரிட்ஜ் பட்டனுக்கு வாங்கிய பிளாஸ்டரில் மீதி இருந்தது, அந்த 24 மணி நேர பட்டன் மேலும் ஒன்று ஒட்டித்தான் கொடுத்தேன்.